வண்டுக்குப் பஸ்

வண்டுகளுக்கு எதிராக மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாக நடத்திவரும் போர், அயனம்பாக்கத்தில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில், வருகிற சனிக்கிழமையோடு முடிவுக்கு வரும் என்று ஞானசேகரன் அறிவித்தான். மனித குலத்தின் சார்பில் அவன் மனைவி ரேணுகா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் பாதிக் காதால்தான். முறத்தில் அரிசியைப் பரப்பி, ஒவ்வொரு வண்டையும் விரல் நுனியில் ஏற்றி, பால்கனிக்குக் கொண்டுபோய் ஊதிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே, வண்டுக்குப் பஸ் ஏத்தி உட்டுகினு கீறியா?”

“அதுவும் உசுருதானே. ஒனக்கு எங்க நோவுது?”

அவனுக்கு மானம் நொந்தது. அம்பத்தூர் தானியக் கிடங்கில் பன்னிரண்டு வருட அனுபவம். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி வண்டு மாத்திரை வைக்கும் நாளில் மற்றவர்கள் முகமூடியோடு ஓடுவார்கள்; அவன் நின்று டீ குடிப்பான். அவனே சொன்னது. அந்த மாத்திரையில் கொஞ்சம் கொண்டுவந்து, சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புமுன், கட்டிலுக்கடியில் இருந்த அரிசி டிரம்முக்குள் போட்டான். ரேணுகாவிடம் சொல்லவில்லை. மாபெரும் வெற்றிகளின் ஆயுதத்தை முன்கூட்டிச் சொல்வது அழகல்ல.

அன்று மதியம் ரேணுகா கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, அந்தக் கட்டிலில் படுத்தாள். டிரம்மின் மூடி சரியாகப் பொருந்தாது. ஆறு மாதமாக மாற்றுகிறேன் என்று சொல்லிவந்தவனும் அவனே.

நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டு ஹில்டா போனில் கத்தினாள். “அண்ணே, ரேணு வாந்தியா எடுக்குது, நெஞ்சு படபடங்குதாம். ரூமெல்லாம் அழுகுன பூண்டு நாத்தம். இன்னா வச்சீங்க?”

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேஷ்மா நிதானமாகச் சொன்னாள். “ஈரக்காத்து பட்டாலே அந்த மாத்திரை விஷவாயு ஆயிடும். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமப் போகும். மொதல்ல ஹார்ட் அடிவாங்கும், அப்புறம் லிவர், கிட்னி. ரத்த அணுக்கள் உடையலாம், ரத்தம் உறையாமயும் போகலாம். முறிவு மருந்து கிடையாது சார். அவங்க தாங்குறாங்களான்னு பாக்கணும்.”

“வண்டு மாத்திரைதான மேடம்?”

“மாத்திரைக்கு அது தெரியாதே.”

ரேணுகாவின் தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு தாளம் தப்பித் துள்ளியது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். முகமூடியைப் பயந்து ஓடுகிறவர்களின் அடையாளம் என்று சொல்லிவந்தவன், அவள் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி நகராமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவளே அதைக் கொஞ்சம் விலக்கினாள்.

“யோவ்... வண்டு செத்துச்சா?”

வீட்டுக்கு வந்து டிரம்மைக் காலி செய்த கிடங்கு ஆட்கள் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. வாயு முழுக்க வெளியே வந்துவிட்டதாம். வண்டுகள் பூரண நலம்.

“இல்லமே. எல்லாம் சோக்கா கீது.”

“அப்ப நானும் பொழச்சுக்குவேன்.”

மூன்றாம் நாள் பச்சைக் கோடு ஒழுங்குக்கு வந்தது. ரத்தச் சோதனையில் கல்லீரல் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ரிப்போர்ட் சாயங்காலம். கஞ்சி கொடுக்கலாம் என்றாள் டாக்டர்.

ஞானசேகரன் புது அரிசி வாங்கி வீட்டுக்கு வந்து, எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, முறத்தில் பரப்பினான். ஓரத்தில் ஒரே ஒரு வண்டு ஊர்ந்தது. நசுக்கக் கட்டைவிரல் தானாக எழுந்தது, பாதியில் நின்றது. பிறகு விரலை அதன் முன்னால் வைத்து, அது ஏறும்வரை காத்திருந்தான்.

பால்கனிக்குப் போய், பக்கத்து பால்கனியில் ஹில்டா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தான். இல்லை. மெதுவாக ஊதினான். வண்டு நகரவில்லை. கஞ்சிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல, விரலை நீட்டியபடி, அவன் நின்றான்.