முழங்கால் ஆழம்

ஏரியை ஒட்டிய புறம்போக்கில் இருந்த வேலிகாத்தான் மரங்களை எல்லாம் ஜேசிபி பிடுங்கிப் போட்டுவிட்டது. சில நாட்கள் சத்தம் கேட்டது, பிறகு வெளிச்சம் வந்தது. இத்தனை வருடம் முள்ளுக்குள் ஒளிந்திருந்த நிலம், திருமலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் தலையைப் போல வழவழவென்று கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஹைஸ்கூல் பிள்ளைகள் வந்து நாவலும் புங்கனும் நீர்மருதும் நடுவார்கள். அதற்குள் குழிகள் தயாராக வேண்டும். நூறு நாள் வேலைக்கு அட்டை வைத்திருந்த பெண்கள் எல்லாம் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள்.

பத்மினியும் வந்திருந்தாள். அவளுடைய குழந்தை இந்த நிலத்தில்தான் எங்கேயோ இருந்தது.

பெண் குழந்தை. ஆறு வருடம் ஆகிறது. பெயர் வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. அவர்கள் பக்கத்தில் கைக்குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள், கல் நடுவதில்லை. பெண்கள் தெருமுனைக்கு மேல் போவதும் இல்லை. கணவன் தணிகைவேல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான், வெறுங்கையோடு திரும்பி வந்தான். "பெரிய பொதருக்குப் பின்னால" என்று மட்டும் சொன்னான். இப்போது புதரும் இல்லை, பின்னால் என்பதும் இல்லை.

பள்ளிக்கூடத்து துர்காதேவி மேடத்திடம் சொல்லலாம்தான். நல்ல மாதிரி. ஆனால் எந்த இடம் என்று கேட்பார்கள். பத்மினிக்குக் காட்டத் தெரியாது.

அவள் மண்வெட்டியை ஓங்கவில்லை. நுனியால் சுரண்டி, கையால் மண்ணை அள்ளி, பார்த்து, பக்கத்தில் போட்டாள். பக்கத்து வரிசையில் தோண்டிக்கொண்டிருந்த சுந்தரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாடி இது, குழி தோண்டறியா, பூமிக்குப் பல்லு தேச்சி உடறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பத்மினியும் சிரித்தாள். சிரிப்பு முகத்தில் எங்கேயோ தள்ளி நடந்தது.

"அக்கா, நீ தோண்டனதுல எதுனா வந்துச்சா?"

"வேரு வந்துச்சி. வேற இன்னா வரும், பொதையலா? வந்தா உன்கிட்ட சொல்லிடுவேனா நானு?"

வேலையை மேற்பார்க்கும் மேட் ரங்கையா கயிறோடு வந்தார். அவர் வாயில் தமிழும் தெலுங்கும் ஒன்றாகத்தான் வரும். "ஏம்மா, தொந்தரகா, சீக்கிரம் சீக்கிரம்! சோமவாரம் முடியலன்னா ஹாஜரு போட மாட்டேன், ஆமா."

சாப்பாட்டு நேரத்தில் தணிகைவேலுக்குப் போன் செய்தாள். அவன் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிறு மட்டும் வருவான்.

"ந்தா, எந்தப் பக்கம்னு சரியா சொல்லு."

எது என்று அவன் கேட்கவில்லை. பின்னால் வண்டிகள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மதகு பக்கம்" என்றான்.

மதகுப் பக்கத்தில் முந்தின நாளே தோண்டி முடித்திருந்தார்கள். அவள் போய் ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தாள். மண். அழுகை வரும் என்று நினைத்தாள். பஸ் நின்றுபோன ஊரில் பஸ்சுக்குக் காத்திருப்பதைப் போல இருந்தது. திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி சுரண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தணிகைவேல் பையை வீட்டில் வைத்த கையோடு அவளை அழைத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தான். வரிசை வரிசையாகக் குழிகள்; இன்னும் தோண்டாத பாதியில் சுண்ணாம்புப் புள்ளிகள். அவன் அங்கே நடந்தான், நின்றான், இன்னும் கொஞ்சம் நடந்தான். ஒரு புள்ளிக்கு அருகில் காலை ஊன்றினான்.

"இங்கதான்."

"போன்ல மதகு பக்கம்னு சொன்ன."

அவன் மதகைப் பார்த்தான். "அங்கயும் இருக்கலாம்."

"தெர்லன்னா தெர்லன்னு சொல்லு."

"தெர்ல மே" என்றான். "பொதரு இருந்தா கண்ணு மூடிக்கினு போவேன்."

அவள் தலையாட்டினாள். கோபம் இல்லை. ஏரியில் தண்ணீர் நடுவில் மட்டும் மினுங்கியது.

"நாளைக்கி நான்தான் இந்தப் பக்கம் தோண்டணும்" என்றாள். "என் மம்மட்டியில வந்துச்சின்னா நான் இன்னா பண்றது?"

தணிகைவேல் போய், தோண்டி வைத்திருந்த ஒரு குழிக்குள் இறங்கினான். குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"இவ்ளோதானா தோண்டறீங்க? முட்டிக்கால்தானே வருது."

"செடிக்கு அது போதுமாம்."

"அப்ப வராது." அவன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான். "இது வரிக்கும் தோண்டனேன். கூட வந்த பழனி மாமா போதும்டா போதும்டான்னு கத்தினாரு. நாய் கீய் வந்துடுமோன்னு நான் நிறுத்தவே இல்ல. அப்புறம் மேல ஏற முடில. கை குடுத்து தூக்குனாங்க."

பத்மினி கிட்டே வந்தாள். "நெஞ்சு வரிக்குமா?"

"ஆமா."

"ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"நீ எங்கன்னுதான் கேட்ட."

அவன் நெஞ்சு உயரம் அவளுக்குத் தோள் உயரம். அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அவன் ஏறிவரக் கையைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மண்வெட்டியை ஓங்கினாள். மண் தளர்வாகப் பெயர்ந்தது. பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. முழங்கால் வந்ததும் நிறுத்தி, அடுத்த புள்ளிக்குப் போனாள். அதையும் முடித்து, அதற்கு அடுத்ததற்கு. மதியத்துக்கு மேல் ரங்கையா வந்து, நேற்று தணிகைவேல் கால் ஊன்றிய இடத்துக்குப் பக்கத்துக் குழியில் குச்சியை விட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க மண்ணு மெத்தகா, பொலபொலன்னு இருக்குது. மேடம் ஒரு ஆலங்கன்னு கொண்டாந்திருக்காங்க. இதை மட்டும் இன்னும் ரெண்டு அடி எறக்கிடு."

"மாட்டேன்" என்றாள் பத்மினி.

"எந்துக்கு?"

"ஆலங்கன்ன வேற எங்கனா வெச்சிக்க அண்ணா."

"ஹாஜரு—"

"போடாத."

அவர் அவளைப் பார்த்தார். அவள் மண்வெட்டியை வெளியே வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி நின்றாள். அடியில் மண் குளிர்ச்சியாக இருந்தது. ரங்கையா என்னவோ தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டி, மேட்டுப் பக்கம் வேறு இடம் தேடப் போனார். அவர் அங்கே குச்சி நடும் வரைக்கும் பத்மினி குழியை விட்டு வெளியே வரவில்லை.