புதன்கிழமை நோட்டு

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் மாடிக்குப் போய் டூட்டி போனை வாங்கிக்கொண்டு வருவேன். டூட்டி டாக்டர்களில் அன்று யாரிடம் அது இருக்கிறதோ, அவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, தூங்குகிற குழந்தையை ஒப்படைப்பதுபோல இரண்டு கையாலும் கொடுப்பார். மூன்று மணிவரை வார்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் நான்தான் எடுப்பேன். "டாக்டருங்க படிப்புல இருக்காங்க. அவசரங்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் "அப்பறமாக் கூப்பிடறேனுங்க" என்று வைத்துவிடுவார்கள். அவசரம் என்றால் மட்டும் எழுந்துபோய்க் கதவைத் தட்டுவேன்.

குன்னூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். பத்தொன்பது வருடமாக ஜெகதளாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் பித்தளைப் பலகையில் பெரிய டாக்டர்கள் எட்டுப் பேரின் பெயர் இருக்கிறது. எலும்புக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர் என்று. டூட்டி டாக்டர்கள் ஆறு பேருக்கும் பலகை கிடையாது. இரவும் பகலும் அவர்கள்தான் இருப்பார்கள்; ஊசி போட்டு, தையல் போட்டு, மூச்சு நிற்கப் போகிறவரை இழுத்துப் பிடித்து வைப்பார்கள். எல்லாம் முடிந்தபிறகு கட்டிலில் இருப்பவர் கேட்பார்: "ஏங்கண்ணு, டாக்டர் எப்ப வருவாரு?"

"நாந்தான் டாக்டருங்க."

"அது செரி. பெரிய டாக்டரு?"

இப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு வருடத்தில் பிள்ளைகள் வாடிப்போவார்கள். மேலே படிக்க வழி தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் டாக்டரம்மா அம்சவேணி ஏழு வருடத்துக்கு முன்னால் இந்தப் புதன்கிழமைப் படிப்பை ஆரம்பித்தார்கள். அந்த ஆறு பேருக்கு மூத்தவர்களாக, ஏழாவதாக, அவர்களும் டூட்டி டாக்டர்தான். இருபத்திரண்டு வருடமாக. பட்டமேற்படிப்புக்குப் போகவேண்டிய வயதில் அப்பா படுத்துவிட்டார், அதற்குப்பிறகு போகவில்லை. பெரிய டாக்டர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சி, அந்த ஒரு மணி நேரம் மட்டும் முறைவைத்து அவர்கள் கேஷுவாலிட்டியில் உட்கார ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதற்கே இரண்டு வருடம் ஆயிற்று. இந்த வேலைக்கென்று தனிப் பதவி இல்லை, அறை இல்லை. பழைய துணிகள் போட்டு வைத்திருந்த அறையைக் கூட்டிப் பெருக்கி ஆறு நாற்காலி போட்டோம். டாக்டரம்மாவுக்கு ஒரு ஸ்டூல். போன், நாற்காலி, பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி, இவை என் பொறுப்பு. சாமி என்னிடம் பெரிய காரியம் எதுவும் கேட்டதில்லை. காப்பி ஆறாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அறையில் ஒரு வழக்கம். பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். அந்த வாரம் எங்கே தவறினோம், எது தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா அதை எழுதி, அதற்கு என்ன படிக்கவேண்டும், யாரிடம் கேட்டுப் பழகவேண்டும் என்று கீழே குறிப்பார்கள். ஆனால் முதல் வரி எப்போதும் டாக்டரம்மாவின் தவறு. 'தோட்டத்து ஆள் ஒருவருக்கு விரல் முறிந்திருந்ததைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன்.' 'நர்ஸ் பேச்சியைப் பத்துப் பேர் முன்னால் திட்டினேன். மன்னிப்புக் கேட்கவில்லை.' அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்களைப் பார்ப்பார்கள். தமிழில்தான் எழுதுவார்கள். "இங்கிலீஷ்ல எழுதுனா ஆபீஸ் காயிதமாட்ட ஆயிருமுங்க சாந்தா. இது நம்ம ஏழு பேருக்குள்ள. இந்த ரூமைத் தாண்டாது" என்பார்கள். அந்த வாக்கை நம்பித்தான் பிள்ளைகள் பேசினார்கள்.

ஐவி அப்படிப் பேசியவள். கொலக்கொம்பைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவள் அப்பா ஃபாக்டரி வேலை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து டாக்டருக்குப் படித்து வந்த பெண். மயக்க மருந்துப் படிப்புக்கு ஆஸ்பத்திரி வருடத்துக்கு ஒருவருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கும். இரண்டு வருடம் முழுதாக வேலை பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு மார்ச்சோடு இரண்டு வருடம் முடிய இருந்தது. போன அக்டோபரில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுததை நான் கதவுக்கு வெளியே கேட்டேன். பிறகு நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டும்போது கண்ணில் பட்டது: 'ஐவி. மூச்சுக்குக் குழாய் போடும்போது கை நடுங்குகிறது. இரண்டு முறை தவறியது. பயம்தான், திறமைக் குறைவு இல்லை. பொங்கலுக்குள் சரியாகிவிடும்.' பொங்கல் வரைகூட ஆகவில்லை. டிசம்பரில் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: 'ஐவி மூன்று பேருக்கு முதல் தடவையிலேயே போட்டாள். எல்லாரும் கை தட்டினோம்.' அன்று நானும் வெளியே நின்று தட்டினேன்.

ஜனவரியில் புதிதாக நிர்வாக அதிகாரி வந்தார். பொன்ராஜ் என்று பெயர். நெற்றி நிறைய விபூதி, அதிராத குரல். வெள்ளிக்கிழமை தந்தி மாரியம்மன் கோவிலில் அவரைப் பார்த்திருக்கிறேன். பிரசாதம் வாங்கி முதலில் வெளியே இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். ஒருநாள் என் மேசைக்கே வந்து நின்றார்.

"அம்மணி, டாக்டரம்மா ஒத்தையாளா எத்தனையச் சொமக்கறாங்க பாருங்க. அத்தனை பேரையும் அவங்க தாங்கறாங்க. அவங்களத் தாங்கறதுக்கு நாம என்னங்க செஞ்சிருக்கோம்?"

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நைட் டூட்டி ரெண்டு கொறைச்சுக் குடுக்கலாம். டாக்டருங்க கை பழகறதுக்கு ஆளாட்ட ஒரு பொம்மை வாங்கித் தரலாம். நல்ல ரூம் ஒண்ணு. டிரஸ்ட்ல நான் பேசறேன். ஆனா அங்க வெறும் வாய்ப்பேச்சு எடுபடாதுங்க. அந்த அறைக்குள்ள என்ன வேல நடக்குதுன்னு கண்ணுல காட்டற மாதிரி எதாச்சும் இருந்தா..."

டாக்டரம்மா அன்று ஊட்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அலமாரிச் சாவி என்னிடம். அந்த நோட்டைவிட அவர்களுடைய உழைப்பைக் காட்டுவது வேறு எது? படித்தால் கல்லும் கரையும் என்று நினைத்து, அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அறையும் பொம்மையும் வந்து நிற்கும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கிற ஆசை எனக்கு. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் அனுமதி கேட்பது மறந்துபோகிறது.

மறுநாள் காலையில் நோட்டு திரும்பி வந்தது. பக்கங்களுக்கு நடுவே பழனி விபூதிப் பொட்டலம் ஒன்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பிப்ரவரி கடைசியில் இரண்டு கவர்கள் வந்தன. கோயமுத்தூர் டிரஸ்ட் ஆபீஸிலேயே டைப் அடித்து ஒட்டி வந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று ஆறு பேரில் இன்னொருவனான கந்தனுக்கு, ஒன்று ஐவிக்கு. டாக்டரம்மா என் மேசைப் பக்கத்தில் நின்று டூட்டி அட்டவணை எழுதிக்கொண்டிருந்தபோது ஐவி வந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள். கடிதத்தை நீட்டினாள். ஒப்பந்தம் மார்ச் முதல் சனிக்கிழமையோடு முடிகிறது; இரண்டு வருடம் நிறையாததால் சிபாரிசுக் கடிதமும் இல்லை. காரணம் இங்கிலீஷில் இருந்தது: மூச்சுக்குக் குழாய் போடும்போது கை நடுங்குகிறது, இரண்டு முறை தவறியது. அவ்வளவோடு புள்ளி வைத்திருந்தார்கள்.

"மேடம், இத நான் எங்க சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

டாக்டரம்மா கடிதத்தை இரண்டாம் தடவை படித்தார்கள்.

"எங்க அம்மாகிட்டகூட நான் சொல்லல மேடம். உங்க முன்னாடிதான் சொன்னேன். நீங்க உங்க தப்ப மொதல்ல படிச்சுக் காட்டுனீங்க. அதனால சொன்னேன்."

"ஐவி, நா குடுக்கல கண்ணு."

"அப்ப நோட்டு நடந்து போச்சா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கோட்டை மேசையின் ஓரத்தில் வைத்தாள், பிறகு நினைத்துக்கொண்டவள்போல மறுபடி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் அங்கேயே இருந்தேன். கொடுத்தது நான்தான் என்று சொல்லவில்லை. அதை இன்றுவரை நினைத்து நினைத்துக் கூசுகிறேன்.

மாலையில் பொன்ராஜ் சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"ஏனுங்க சார், டாக்டரம்மாவுக்கு ஒத்தாசை பண்றதுக்குன்னுதானுங்களே கேட்டீங்க?"

"ஒத்தாசைதானுங்க அம்மணி. ஆறு பேர அவங்க ஒருத்தர் எப்படிங்க பாத்துக்குவாங்க? நாலு பேருன்னா சுலுவா இருக்குமல்லங்க?"

சிரிக்காமல் சொன்னார். நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறாரோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது.

"டிசம்பர் மாசப் பக்கமும் அதுலயே இருக்குதுங்க சார். அந்தப் புள்ள நல்லாப் போட்டுச்சுன்னு."

"அத்தனையும் படிக்க நேரம் ஏதுங்க?" என்றவர், பேனா மூடியைத் திருகி மூடினார். "நானாப் போயி அலமாரியத் தொறக்கலீங்க. நோட்டக் கொண்டாந்து என்ற கையில குடுத்தது நீங்கதானுங்க."

அன்று பஸ்ஸில் அருவங்காடு தாண்டும்வரை என்னை அவர் ஏமாற்றியதை நினைத்துக் கொதித்தேன். அதற்குமேல் கொதிக்க முடியவில்லை. சாவி என்னிடம்தானே இருந்தது? விபூதிப் பொட்டலத்தை முருகன் முன்னாலிருந்து எடுக்கவும் மனம் வரவில்லை, பிரித்துப் பூசவும் மனம் வரவில்லை. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். கேஷுவாலிட்டிக்குப் பின்னால், கைகழுவுகிற இடத்தில். அவர்கள் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முழுவதும் சொல்லி முடிக்கிறவரை குழாயை மூடாமல் கழுவிக்கொண்டே இருந்தார்கள். பிறகும் கழுவினார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்கல்ல, சாந்தா."

"உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுட்டனுங்க."

"தெரியும்" என்றார்கள். குழாயை மூடிவிட்டு, "நேத்துப் பூராவும் நா பெரிய டாக்டருங்க எட்டுப் பேரையும் ஒவ்வொருத்தரா மனசுக்குள்ள நிறுத்திப் பாத்தேன். யாரு எடுத்திருப்பாங்கன்னு. உங்கள மட்டும் நிறுத்தவே இல்ல" என்றார்கள்.

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் துடைத்துக்கொண்டார்கள். அது எனக்குச் செய்த தயவு என்று எனக்குத் தெரியும். பிறகு வேலை சொன்னார்கள். ஐவிக்காக வேறு இரண்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். மூன்று பேருக்கு முதல் தடவையிலேயே போட்டாள் என்ற வரி வந்தபோது அதை அவர்கள் இரண்டு முறை சொன்னார்கள். கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தோம். ஐவி அதை வாங்க வரவில்லை. அவளோடு டூட்டி பார்க்கிற ஞானசீலனிடம் கொடுத்தனுப்பினோம். எதிரும் புதிருமாக எப்போதும் ஐவியைக் கேலி செய்கிற அவன்கூட என் முகத்தைப் பார்க்காமல்தான் வாங்கிக்கொண்டான். "கதவுக்கு வெளியதானக்கா உக்காந்திருப்பீங்க? நீங்கதான் எங்களுக்குக் காவல்னு பேசிக்குவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த புதன்கிழமை வந்தது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம். மாடிக்குப் போனேன். டூட்டி அறையில் ஆள் இல்லை. போனை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் கையில் கொடுக்காத போனை முதல் தடவையாக நானே எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆறு நாற்காலியும் போட்டேன். குறைத்துப் போட எனக்குக் கை வரவில்லை. டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து புது நோட்டு ஒன்றைப் பிரித்து, தேதி எழுதி, அப்படியே வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, எதிர்ச்சரிவுத் தேயிலை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது. இரண்டு ஐந்து. இரண்டு பத்து. பிளாஸ்க்கைத் திறக்கவில்லை.

போன் அடித்தது. பெண்கள் வார்டு. "அக்கா, ஐவி டாக்டர் இருக்காங்களா?"

சனிக்கிழமையோடு அவள் கிளம்புகிறாள். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் காலியான நாற்காலிகளைப் பார்த்தேன்.

"டாக்டருங்க படிப்புல இருக்காங்க. அவசரங்களா?"

"இல்லக்கா, அப்பறமாக் கூப்பிடறேன்."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் வெளியே போய் என் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். போகவில்லை. ஏழு வருடமாக அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு மொதல் வரி நா எழுதட்டுங்களா, டாக்டரம்மா?"

அவர்கள் நோட்டைத் திருப்பி, பேனாவை அதன்மேல் குறுக்கே வைத்து, என் பக்கம் நகர்த்தினார்கள். ஆயிரக்கணக்கில் கடிதம் அடித்த கை இது. பேனாவைப் பிடித்ததும் நடுங்கியது.

'சாந்தாமணி' என்று எழுதியிருப்பேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவரா இருவரா என்று தெரியவில்லை. கதவுக்கு வெளியே வந்து சத்தம் நின்றது. கதவின் அடி இடுக்கில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு நிழல் விழுந்தது. தட்டவும் இல்லை, திரும்பவும் இல்லை. நான் தலையை நிமிர்த்தாமல் அடுத்த சொல்லை எழுத ஆரம்பித்தேன்.