துட்டி வீட்டுக்கு வராதவர்கள்

“ஏக்கா, பெட்டிய மூடிரலாமா? சாமியார் கோயில்ல காத்துக்கிட்டு இருக்காவ” என்று தம்பி ரெக்சன் மறுபடியும் வந்து நின்றான். அம்மாவின் கையில் கிடந்த ஜெபமாலையைச் சரிசெய்வதுபோல் பாவனை பண்ணிக்கொண்டே, “பொறுலே” என்றாள் ஸ்டெபி.

கண் வாசலிலேயே இருந்தது. சொந்தபந்தம் எல்லாம் வந்தாயிற்று. வருசக்கணக்காக முறுக்கிக்கொண்டிருந்த பெரியப்பாகூட வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனார். ரயில் பாலத்துக்கு அந்தப்பக்கத்துக் குடிசைகளிலிருந்துதான் ஒரு ஆள் வரவில்லை. அங்கே கைப்பிள்ளை இருக்கிற வீடு ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினவள் அம்மா பிலோமினா. சம்பளம் கிடையாது. தொட்டில் கட்டி எடை பார்க்கிற தராசைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். பிள்ளை பால் குடிக்கிறதா என்று பார்ப்பாள். தடுப்பூசி நாளன்று தாய்மாரை விரட்டிக்கொண்டு போவாள். ஸ்டெபிக்கு மதுரையில் பிரசவமானபோதுகூட, இங்கே எடை ஏறாத பிள்ளை ஒன்று கிடக்கிறது என்று ஆற அமரத்தான் வந்து சேர்ந்தாள். அந்தக் கோபம் ஸ்டெபிக்கு இன்னும் ஆறவில்லை. என் பிள்ளைக்குக் கொடுக்காத நேரத்தை வாங்கிக்கொண்டவர்களுக்கு ஒரு எட்டு வந்து முகம் பார்க்கவா முடியவில்லை?

“நன்றி கெட்டதுவ” என்று முணுமுணுத்துவிட்டு விலகினாள். பெட்டியை மூடினார்கள்.

தெருமுனை திரும்பியதும் பெட்டி ஏற்றின வண்டி நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வழியை அடைத்திருந்தன. ஸ்டெபி எட்டிப் பார்த்தாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பூட்டிக் கிடந்த கடையோரத்தில் அந்தக் குடிசைப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தி தோளிலும் பிள்ளை. வெயில் படாமல் துண்டால் மூடியிருந்தார்கள். வெகுநேரமாக நிற்கிறார்கள் போல, கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

ஸ்டெபி குதித்து இறங்கினாள். “இங்கன வரைக்கும் வந்தவளுவளுக்கு வீட்டுக்கு வர வழி தெரியலயோ?”

முன்னால் நின்ற உமாராணிக்கு அழுது முகம் வீங்கியிருந்தது.

“ஒங்க அம்மாதான்க்கா சொல்லிருக்காவ. பச்சப்புள்ளயக் கூட்டத்துக்குள்ள கொண்டு போகாதீங்க, எவன் இருமலாவது ஒட்டிக்கிடும்னு. எங்க மாமனார் துட்டிக்கே என்னைய உள்ள விடாம சண்ட போட்டாவ. இன்னைக்கு வந்தா ஏசுவாவல்லா?”

வாய்க்கு வந்ததைச் சொன்னோமே என்று ஸ்டெபிக்கு வெட்கமாக இருந்தது. அதில் ஒரு பிள்ளையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனாள்.

உமாராணி பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். “வேண்டாம்க்கா, தொடாதீங்க. துட்டி வீட்லேர்ந்து வாரீய. கைகூடக் கழுவல.”

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ரெக்சன் கூப்பிட்டான். ஸ்டெபி நீட்டின கையோடு ரோட்டிலேயே நின்றாள். ஏதோ ஒரு துண்டுக்குள்ளிருந்து பிள்ளை தும்மியது. பெண்கள் எல்லோரும் அழுகையை விட்டுவிட்டு அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.