ஊசிக்குழலின் குறுக்களவு

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசைமேல் சிரிஞ்சு பம்ப் முனகியபடி, ஊசிக்குழலின் தண்டை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. குழலுக்குள் இருந்தது அவளுடைய புரதத்தின் கடைசிக் கையிருப்பு. கீழே குடுவையில் சுழலும் குளிர்ந்த கரைசலுக்குள் மெல்ல இறங்கினால்தான் அது தனக்குரிய வடிவத்தில் மடியும். விரைந்து இறங்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கசடாகிவிடும். கசடானால் அவளுடைய ஆய்வேடும் அத்தோடு கிடப்பில்தான்.

“கொஞ்சம் உக்காரேன். நீ நடக்குற நடையில தரை தேஞ்சிரும்,” என்றான் பக்கத்து மேசைக்காரன். அவனை ஆமையும் முந்திப்போகும்; ஆய்வகத்தில் அவனுக்குப் ‘புயல்’ என்று பெயர்.

“திரையில முக்கால்வாசி பாக்கின்னு காட்டுது. குழலைப் பாரு, பாதிகூட இல்ல.”

புயல் நிதானமாக எட்டிப் பார்த்தான். “ஆமா. இது என்ன, வேற குழலா?”

“நீதானே காலையில கண்ணாடிக் குழலை ஒடச்சே? அதான் இந்த பிளாஸ்டிக்…”

பேச்சு பாதியில் நின்றது. புதிய குழல் அகலமானது. பம்பிலோ பழைய குழலின் குறுக்களவே பதிந்திருந்தது. பம்புக்குக் கண் கிடையாது. சொன்ன அளவை நம்பித் தள்ளிக்கொண்டே போகிறது.

“நிறுத்திட்டு மாத்து.”

“நிறுத்தினா ஊசிமுனை அடைச்சுக்கும்டா. ஓடும்போது குறுக்களவ மாத்த விடாது. வேகத்த மட்டும் மாத்தலாம்.”

“அப்ப வேகத்துல பொய் சொல்லு. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சரியாப்போகும்.”

அகலம் ஒன்றரை மடங்கு, வர்க்கப்படுத்தினால் இரண்டேகால்; அத்தனை மடங்கு விரைவாக இறங்கிக்கொண்டிருந்தது. கையுறை மேலேயே பேனாவால் வகுத்தாள். பாதிக்கும் குறைவான வேகத்தைத் தட்டும்போது விரல் இருமுறை தவறிற்று. முனகல் தணிந்தது. குடுவையருகே முகத்தைக் கொண்டுபோனாள். ஊசிமுனையில் கசடாய் நெளிந்த வெண்ணூல் மேலும் வளரவில்லை. விழுந்த வரைக்கும் கலங்கியது கலங்கியதுதான்.

கடைசித் துளியும் இறங்கியதும் புயல் தொண்டையைச் செருமினான். “கைடு மேடம் கேட்டா, குழலை ஒடச்சது நான்னு சொல்லிரு. திட்டு எனக்குப் பழக்கம்தான்.”

“ஒடச்சது நீ. அளவ மாத்தாம ஓட்டுனது நான். மேடம்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

கரைசலை மையவிலக்குக் கருவியில் சுழற்றிக் கசடை அடியில் தங்கவைத்தாள். தெளிந்ததை மட்டும் வடித்து அளந்தாள். சரிபாதி கூடத் தேறவில்லை. ஒரு சோதனைக்குப் போதும். கை தவறினால் இன்னொன்றுக்கு வழியில்லை.

புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.