ஒரே நாளில் முளைத்த அண்ணன்

வாருங்கள். பெரிய கொடுமைகளுக்காகக் கலங்கிப் பழகிய கண்களை இந்தச் சின்னக் கொடுமையின் பக்கமும் சற்றே திருப்புங்கள். இங்கே இரத்தம் சிந்தவில்லை. யாரும் யாரையும் கை நீட்டி அடிக்கவில்லை. ஒரு முதலாளி தம்மிடம் உழைத்தவர்களை மார்போடு அணைத்து, "நீங்க எல்லாம் என் சொந்தம்" என்றார், அவ்வளவே நடந்தது. அந்த அணைப்பில் ஒருத்திக்கு மூச்சு நின்றுபோகப் பார்த்தது. அதற்குச் சாட்சி வேண்டும்.

அவள் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரிக்காரி. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் மேசைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கூடம் அது. தரை எந்நேரமும் ஈரம். கூரை எந்நேரமும் நீராவி. சூடான உருளைக்குள் விரிப்பைச் செலுத்தி மறுபக்கம் வாங்கி வாங்கி, அவளுடைய முன்கைகளில் தழும்பு இல்லாத இடம் சொற்பம். கடல் கடந்து வந்தவள். வேலை உள்ளவரை இருக்கலாம், வேலை போனால் போய்விட வேண்டும் என்பதே அந்த நாடு அவளுக்குக் கொடுத்திருந்த அனுமதி. கூடவே மகள் இருந்தாள். செவிலியர் படிப்பில் முதலாண்டு. தாய் இருந்தால்தான் மகள் இருக்கலாம். ஆகவே மகளின் வகுப்பறைக்குக் கூரையாக நின்றது தாயின் வேலை ஒன்றுதான்.

முதலாளி அவளை "ஏய்" என்பார். நல்ல மனநிலையில் இருந்தால் "இந்தா" என்பார்.

அப்படியிருக்க, அரசாங்கத்துக்கு நல்ல புத்தி வந்தது. வாரம் ஒருநாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி என்று புதுச் சட்டம் பிறந்தது. வெளிநாட்டுத் தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பூட்டி வைக்கக்கூடாது என்றது. ஏமாற்றப்பட்டவர் வேறு இடம் தேடிக்கொள்ள அவகாசம் உண்டு, ஏமாற்றியவர் இனி ஆளெடுக்கவே முடியாது என்றும் சொன்னது. இஸ்திரிக்காரிக்கு இதையெல்லாம் யாரும் வாசித்துக் காட்டவில்லை. முதலாளியோ வரிக்கு வரி வாசித்தார்; வாசித்த கையோடு ஓர் ஆலோசகரிடம் ஓடினார்.

அந்த ஆலோசகர், எலி நெல்மூட்டையைப் பார்ப்பதுபோல் சட்டத்தைப் பார்ப்பவர்: தையல் எங்கே விட்டிருக்கிறது என்று மட்டுமே தேடுவார். தேடினார், கண்டார். குடும்பத்தார் தம் சொந்தத் தொழிலில் கைகொடுத்தால் இந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாதாம்.

மறுநாள் காலை எல்லோரையும் உருளைக்கு அருகே கூட்டி, முதலாளி குரல் தழுதழுக்கப் பேசினார். "இனிமே இங்க முதலாளி, தொழிலாளின்னு யாரும் கிடையாது. நாம எல்லாம் ஒரே குடும்பம்."

நாடகத்துக்கு வேடம் பிரிப்பதுபோல் உறவுகள் பிரிக்கப்பட்டன. துணி மடிக்கும் அம்மாள் சின்னம்மா ஆனார். வண்டி ஓட்டுபவர் சித்தப்பா மகன் ஆனார். பாய்லர்காரருக்கு எந்த உறவும் சரியாக உட்காரவில்லை. கடைசியில் மச்சான் ஆக்கினார்கள். இஸ்திரிக்காரி தங்கை. உறவு வேண்டாம் என்பவருக்கு வேலையும் வேண்டாம் என்பது சொல்லாமலே விளங்கிற்று.

வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்த முதல் நாள் அவளுக்கு இனித்தது. உடன்பிறந்தார் யாரும் இல்லாதவள். ஆண்டுக்கணக்கில் "ஏய்" கேட்டுப் புளித்த காதில் "தங்கச்சி" விழுந்தால் தேன் பாயாதா? வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னாள்.

"அப்ப எனக்குத் தாய்மாமன். ஒருநாளாவது உன்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லேம்மா, அந்த மாமாவை" என்றாள் மகள்.

மாமா அனுப்பவில்லை. நேரம் முன்பைவிடக் கூடியது. ஓய்வு நாள் கேட்டபோது, அண்ணன் வீட்டு வேலைக்கு எந்தத் தங்கச்சியாவது லீவு கேட்பாளா என்று அவர் முகம் வாடினார். சொந்தக்காரன் கடிகாரம் பார்ப்பானா என்று வண்டிக்காரரைக் கடிந்துகொண்டார். கூலிக்காரனுக்கு எட்டு மணி நேரம். உறவுக்காரனுக்கோ உயிர் உள்ளவரை.

ஆனால் கெட்டிக்கார ஆலோசகர் ஒன்றை மறந்துவிட்டார். உறவு என்றால் உரிமையும் ஒட்டிக்கொண்டு வரும். மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பது பழமொழி. மச்சான் பதவியே கிடைத்தவர் சும்மா இருப்பாரா? பாய்லர்காரர் உள்ளூர்க்காரர், அனுமதி பறிபோகும் அச்சம் இல்லாதவர். மச்சான் ஆன மறுநாளே முதலாளியின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, வயிறு முன்னால வந்து நிக்குது, நீங்க ஆடி அசைஞ்சு பின்னால வர்றீங்க? ஞாயித்துக்கிழமை காரை நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

முதலாளி முறைத்தார். மச்சான் என்று வைத்துக்கொண்டு கேலி கூடாது என்றால் எப்படி என்று பாய்லர்காரர் நியாயம் கேட்டார். சின்னம்மாவும் ஒருநாள், தாமதமாக வந்த முதலாளியைப் பார்த்து, பொறுப்பில்லாத பிள்ளை என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி எல்லாவற்றையும் விழுங்கினார். இலாபம் வரும் வழியில் மானம் ஒரு தடையா?

தொழிலாளர் துறை ஆய்வாளர் வரப்போகும் செய்தி கிடைத்ததும், உறவை நம்பவைக்கும் பாடம் நடத்த முதலாளியம்மா ஆசிரியை ஆனார். வீட்டுக் கூடத்தில் பச்சை சோபா. மாடிப்படி இடப்பக்கம். அண்ணன் காபிக்குச் சீனி போடமாட்டார். பின்வாசல் தாண்டி ஒருமுறைகூட உள்ளே விடப்படாதவர்கள், அந்த வீட்டின் உள்ளழகைப் பள்ளிப்பிள்ளைகள்போல் ஒப்புவித்தார்கள். இஸ்திரிக்காரி பிழையின்றி ஒப்புவித்தாள்.

ஆய்வாளர் ஒரு பெண்மணி. சிரிப்பைச் செலவழிக்காதவர். உருளையைப் பார்த்தார், தழும்புகளைப் பார்த்தார், தொழிலாளர் யார் யார் என்று கேட்டார்.

தொழிலாளரே இல்லை, எல்லாம் குடும்பம் என்றார் முதலாளி. இது என் தங்கை என்று இஸ்திரிக்காரியின் தோளில் கை வைத்தார்.

"நல்லது. ஆனா இவங்க வேலைக்குன்னு அனுமதி வாங்கி இந்த நாட்டுக்கு வந்தவங்க. இங்க வேலைக்காரங்களே இல்லைன்னா அந்த அனுமதி செல்லாது. இவங்க ஊருக்குத் திரும்பணும்" என்றார் ஆய்வாளர்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அண்ணனின் கன்னத்துத் தசைகூட அசையவில்லை. சட்டம் என்றால் சட்டம்தானே என்று பணிவாகத் தலையாட்டினார்.

ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவர் உங்க அண்ணனா?"

ஆம் என்றால் அனுமதி போகும். இல்லை என்றால் வேலை போகும், வேலை போனால் அனுமதியும் போகும் என்றே அவள் நம்பியிருந்தாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் மகளின் வகுப்பறைக் கூரைதான் சரியும். பச்சை சோபா நுனிநாக்கு வரை வந்து நின்றது.

அந்த நேரத்தில் முதலாளி அவள் காதருகே குனிந்து முணுமுணுத்தார்: "சொல்லும்மா தங்கச்சி. நீ ஊருக்குப் போனாலும் இந்த அண்ணன் உன்னை மறக்கமாட்டேன்."

தோளிலிருந்த கையை அவள் மெல்ல எடுத்து அப்பால் விட்டாள்.

"அண்ணன் இல்லைங்க. முதலாளி. பச்சை சோபான்னு சொல்லிக்குடுத்தாங்க; நான் அதைப் பார்த்ததே இல்லை. விடியறதுக்கு முன்னால வர்றேன், இருட்டினப்புறம் போறேன். என் பாஸ்போர்ட் இவர் பீரோவுல இருக்கு."

முதலாளி தங்கையின் நன்றிகெட்ட தன்மையை எண்ணி மாய்ந்துபோனார். பாய்லர்காரர் முன்னால் வந்தார். "நானும் மச்சான் இல்லைங்க. கேலியையும் இன்னையோட நிறுத்திக்கிறேன்" என்றார். சின்னம்மா மட்டும் மடித்த துணியை மீண்டும் பிரித்து மடித்துக்கொண்டே, முதலாளியைக் காட்டி, அவன் என் மகன் மாதிரி என்றார். அவருக்கும் கடல் கடந்த அனுமதிதான். அச்சம் வயிற்றில் வேர்விட்டவரை யார் குற்றம் சொல்வது?

ஆய்வாளர் கடவுச்சீட்டை மீட்டுக் கொடுத்தார். வேறு வேலை தேடச் சட்டம் தரும் அவகாசத்தையும் அப்போதுதான் சொன்னார். முதலாளி இனி ஆளெடுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. நீதி வென்றதென்று கைதட்டப் போகிறீர்களா? பொறுங்கள். கூடம் இப்போது முதலாளியம்மாவின் பெயரில் நடக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் இப்போது அந்த அம்மாளின் பிறந்தவீட்டு உறவுகள்.

இஸ்திரிக்காரியோ ஒவ்வொரு சலவைக்கூடமாக ஏறி இறங்குகிறாள். தொழில் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுத்த தங்கச்சி நீதானா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். முதலாளிகளுக்குள்ளே மட்டும் உண்மையிலேயே உறவுமுறை இருக்கிறது. அவகாசம் கரைகிறது. மகள் இன்னும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

இதைப் படித்து முடித்துப் பெருமூச்சு விடாதீர்கள். அது யாருக்கும் சோறு போடாது. ஆளெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் அவள் வரும்போது கதவைத் திறந்து, கூலி இவ்வளவு, நேரம் இவ்வளவு, ஓய்வு இந்த நாள் என்று பேசி வேலை கொடுங்கள். உழைக்கும் இடத்தில் இருப்பவர்கள் புதுச் சட்டத்தைப் பக்கத்தில் நிற்பவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். விடுதியில் தங்குபவர்கள் வெளுத்த விரிப்பில் படுக்குமுன், இதை இஸ்திரி போட்டவர் யார், அவருக்கு ஓய்வு நாள் உண்டா என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். நாளைக்கு அல்ல, இன்றைக்கே தொடங்குங்கள்.