அந்தோணியாரின் கைப்பிள்ளை

பெனேதோவில் ரெண்டு நாள் ஆற்றுக் காற்று வாங்கலாம் என்றுதான் லிண்டினால்வா என்னைக் கூட்டி வந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். என் மனைவி காரணமில்லாமல் காற்றுகூட வாங்க மாட்டாள்.

பேருந்து அவள் பெரியம்மா இருக்கும் அந்த ஊருக்குள் திரும்பியதும் கைப்பையைத் திறந்து காட்டினாள். கைக்குட்டைக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு மரக் குழந்தை ஏசு.

"கல்யாணத்துக்கு முன்னாடி பெரியம்மா வீட்டு அந்தோணியார் சிலை கையிலேர்ந்து கழட்டினது," என்றாள்.

எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம் அது. புருஷன் வேண்டுமென்றால் அந்தோணியார் கையிலிருக்கும் பிள்ளையைத் திருடி ஒளித்து வைப்பார்கள். கேட்டதைக் கொடுக்கும்வரை பிள்ளை கிடையாது என்று புனிதருக்கே மிரட்டல்; மாப்பிள்ளை அமைந்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும்.

"நம்ம பையனுக்கு மீசையே முளைச்சாச்சு. இன்னுமா திருப்பி வைக்கல?"

"கேட்டதை ஒழுங்கா குடுத்தாரான்னு பாக்க வேணாமா? செருப்பு வாங்கினாகூட கொஞ்ச நாள் போட்டுப் பாத்துட்டுத்தான் நல்லாருக்குன்னு சொல்லுவேன்."

"இப்ப?"

"பரவால்லன்னு தோணுது. மனசு மாறறதுக்குள்ள வெச்சிடலாம்."

சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது. இத்தனை வருடமும் எனக்கே தெரியாமல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று எப்படியாவது அந்தப் பிள்ளை அந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பெரியம்மா ஜெர்சீனா விதவை. எழுபது தாண்டியும் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

"வாங்க மாப்பிள்ளை. முதல்ல தொப்பை வந்துச்சு, பின்னாடியே நீங்களும் வந்துட்டீங்க."

லிண்டினால்வா பிள்ளையை வைத்துவிட்டு வரும்வரை அவளைச் சமையலறையிலேயே பிடித்துவைப்பது என் வேலை. மரவள்ளிக்கிழங்கு கேக்கைப் புகழ்ந்து தள்ளினேன். மூடி வைத்திருந்த பெரிய துண்டின் பக்கம் கையை நீட்டியதும் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"அது படகுக்காரர் அத்ரோவால்டோவுக்கு."

இதற்குள் லிண்டினால்வா உள்ளறைக்கு நழுவியிருந்தாள். போன வேகத்தில் திரும்பி வந்து, ஆற்றோரம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னை வெளியே இழுத்துப் போனாள்.

"வெச்சிட்டியா?"

"எங்க வைக்கிறது? அந்தோணியார் தண்ணிப் பானைக்குள்ள தலைகீழா நிக்கிறாரு."

தலைகீழாக நிறுத்தித் தண்டிப்பதும் புருஷன் கேட்கும் அதே வேண்டுதலுக்குத்தான்.

"பெரியம்மாவா? இந்த வயசுலயா?"

"திருடலாம்னா பிள்ளையைத்தான் நான் கொண்டு போயிட்டேனே. அவளுக்கு வேற என்ன வழி?"

"பாவம். ஓடிப்போய் வெச்சிட்டு வா."

"இப்பக் குடுத்தா அவரு சமாதானமாயிடுவாரு. பெரியம்மா காரியம் கெட்டுடும். அவ கல்யாணம் முடியட்டும், வைக்கிறேன்."

"அதுவரைக்கும் நான்?"

"இருந்தபடியே இரு. பழகினதுதானே," என்று பையை மூடினாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. படகுத்துறையில் அத்ரோவால்டோ தனியாக உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக அவரிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் ஐயா, அந்தக் கேக்கைத் தினமும் சுடச்சுடச் சாப்பிடணும்னு உங்களுக்கு ஆசையே வந்ததில்லையா?"