இன்றைக்கு முழு எருமை

கல்யாண நாளுக்கு என் கணவர் எனக்கு ஐந்து நொடி பரிசாகக் கொடுத்தார். மற்ற பெண்களுக்கு மோதிரம் வரும், வாட்ச் வரும். எனக்கு நொடி வரும். சந்தோஷம் தாங்காமல் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "உனக்கு மறை கழண்டு போச்சு" என்று வைத்துவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, வீடியோ கேம் செய்கிற இடம். கேமைத் திறந்ததும் முதலில் கம்பெனியின் லோகோ அசைந்து வருமே, அதை வரைவது என் வேலை. திரையில் லோகோ ஓடும்போது பின்னால் கேம் லோட் ஆகிக்கொண்டிருக்கும். லோட் ஆகி முடிந்த கணமே லோகோ பாதியில் அறுந்துவிடும். அந்த லோடிங்கை எழுதுகிறவர் என் கணவர். என் குடுமி யார் கையில் என்று இப்போது புரிந்திருக்கும்.

எங்கள் லோகோ ஓர் எருமை. முதலாளியை அவருடைய அப்பா வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். கம்பெனி தொடங்கியபோது அதையே வைத்துவிட்டார். "அப்பா வாயால வந்த பேரு, விளங்கும்" என்றார். அப்படியொன்றும் விளங்கிவிடவில்லை.

ஆரம்பத்தில் எருமை சேற்றிலிருந்து எழும், தலையை ஆட்டும், கம்பெனி பெயர் வரும், முடிந்தது. கல்யாண நாள் நொடிகள் கிடைத்ததும் அதை உட்கார வைத்தேன். பிறந்தநாளுக்குக் கிடைத்ததில் காதைச் சொறிந்தது. மாமியார் வந்து ஒரு மாதம் தங்கிவிட்டுப் போனபோது, என் பொறுமையை மெச்சி என் கணவர் மொத்தமாக அள்ளிக் கொடுத்தார். அதில் எருமை மேல் மழை பெய்ய வைத்தேன். அது அசையவே இல்லை. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நொடிகளை அவர் எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்பீர்கள். கேமுக்குள் ஒரு காடு வைத்திருக்கிறார். யாரும் நுழைய முடியாத காடு, அதற்கு வழியே கிடையாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேம் அந்தக் காட்டின் இலைகளை ஒன்றுவிடாமல் எண்ணி முடித்த பிறகுதான் ஆட்டத்துக்கு வரும். எனக்குப் பரிசு கொடுக்க வேண்டுமென்றால் அதில் இரண்டு மரம் நடுவார்.

சண்டை வந்தால் வெட்டுவார். பாத்ரூம் விளக்கை அணைக்காமல் விட்டது யார் என்று ஒருநாள் இரவு வாக்குவாதம். காலையில் எருமை கழுத்துவரை எழுந்தது, அதற்குள் கேம் திறந்துகொண்டது. எங்கள் குடும்ப நிலவரம் இப்படி ஊருக்கே தெரிந்தது. முதலாளி உள்ளே நுழையும்போதே, "இன்னிக்கு எருமை எவ்வளவு?" என்று டெஸ்டரிடம் கேட்பார். "முழு எருமை சார்" என்றால் எங்களிடம் வந்து பேசுவார். "கொம்பு மட்டும்தான் சார்" என்றால் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

இந்த டெஸ்டருக்குக் கட்டைவிரல் என்று பட்டப்பெயர். கேமை நாள் முழுக்கத் திறந்து மூடித் தப்பு கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, ஆனாலும் என்னை அக்கா என்பார். எங்கள் வீட்டில் சந்தோஷம் கூடக்கூட அவர் பாடு திண்டாட்டமாகிவிடும். திறக்கிற ஒவ்வொரு தடவையும் எருமை எழுந்து, உட்கார்ந்து, சொறிந்து, நனைந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் நகராது, இலை எண்ணி முடியவில்லையே. மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு எங்களுக்குள் கொளுத்திப்போட ஆரம்பித்தார்.

"அக்கா, நேத்து கேன்டீன்ல அண்ணன் அந்த சூப்பை அப்படிப் புகழ்ந்தாரு. வீட்ல சாப்பிட்டே பல நாள் ஆச்சுங்கற மாதிரி" என்பார் என்னிடம்.

"அண்ணே, அந்தச் சட்டையை இன்னுமா போடறீங்க? அக்கா என்னமோ சொன்னாங்க, நான் சொல்லமாட்டேன்" என்பார் அவரிடம்.

இதெல்லாம் நமத்துப்போன பட்டாசு. ஒருநாள் எருமை இடுப்புவரை குறையும், மறுநாள் பழையபடி வந்துவிடும். பொய்யெல்லாம் தீர்ந்துபோன பிறகு, வேறு வழியில்லாமல் கட்டைவிரல் ஓர் உண்மையைச் சொன்னார்.

"அக்கா, அண்ணன் நம்ம எருமையைப் பார்த்ததே இல்ல. தெரியுமா?"

"என்ன உளர்றீங்க?"

"புரோகிராம் எழுதறவங்க மெஷின்ல லோகோவே வராதுக்கா. நிறுத்தி வெச்சிருப்பாங்க. கறுப்பா திரை, மூலையில எத்தனை நொடின்னு ஒரு நம்பர். அண்ணன் அதைத்தான் பார்த்துட்டு இருக்காரு, இத்தனை வருஷமா."

சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சிரிப்பு வரவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு அவர் பாத்திரம் கழுவி முடித்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நம்ம எருமை எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

"இடது பக்கம்" என்றார்.

நான் இடுப்பில் கை வைத்தேன்.

"வலது பக்கம்?"

"கீழேர்ந்து! சேத்துக்குள்ளேர்ந்து! டயர் கடைக்காரருக்குக்கூடத் தெரியும்!"

"நான்தான் கேக்காமலே நொடி குடுத்துட்டு இருந்தேனே..."

"குடுத்ததை வெச்சு நான் என்ன பண்ணேன்னு ஒருநாளாவது எட்டிப் பார்த்தீங்களா?"

அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். ஊரே பார்க்கிறது, யாருக்காக வரைந்தேனோ அவர் மட்டும் பார்க்கவில்லை. "உங்க நொடி எனக்கு ஒண்ணுகூட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அவருக்கும் ரோஷம் உண்டு. மறுநாள் காட்டையே காணோம். பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் கேம் திறந்துகொண்டது. எருமை இருந்த இடத்தில் சேற்றில் ஒரு குமிழி வந்தது, அவ்வளவுதான். கட்டைவிரல் ஆபீஸ் முழுக்கச் சாக்லெட் கொடுத்தார்.

முதலாளி மட்டும் வெளிறிப்போனார். மறுநாள்தான் கேமை வாங்கி விற்கிற விநியோகஸ்தர் பார்க்க வருகிறார்.

"இப்பதான் சார் சூப்பரா திறக்குது" என்றார் கட்டைவிரல்.

"திறந்து? உள்ள என்னய்யா இருக்கு? நம்மகிட்ட உருப்படியா இருக்கறதே அந்த எருமை ஒண்ணுதான்!" என்று கத்தியவர், நேரே என் மேசைக்கு வந்தார். "தாயே, நல்லா இருப்பே. எப்படியாவது ராசியாயிடுங்க."

"அவர் ஒரு தடவை பார்க்கட்டும் சார்" என்றேன்.

என் கணவர் காதில் விழுந்திருக்க வேண்டும். தன் மெஷினில் நிறுத்தி வைத்திருந்த லோகோவைத் திரும்ப ஓடவிட்டார். கேமைத் திறந்தார். குமிழி. மறுபடி திறந்தார். குமிழி. மனிதர் அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தார்.

"மரம் நடுங்களேன்" என்றேன்.

"வேரோட அழிச்சுட்டேன். திரும்ப வளர்க்க ஒரு வாரமாவது ஆகும்."

"மரம் எதுக்கு? கொஞ்ச நேரம் நில்லுன்னு எழுதினா நிக்காதா?"

திருடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "காரணமே இல்லாம நிக்கச் சொல்றதா? வேலை தெரிஞ்சவன் எவனாவது அப்படி எழுதுவானா?"

எதற்கும் ஒரு காரணம் வேண்டும் அவருக்கு. என்னைக் கட்டிக்கொண்டதற்கே, இரண்டு பேருக்கும் ஒரே பஸ் என்று காரணம் சொன்ன மனிதர். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு விசைப்பலகையை முன்னால் இழுத்தார். பிறகு ஒரே ஒரு வரி எழுதினார். எண்ணுவதற்கு இலையும் இல்லை, ஒன்றும் இல்லை. நில் என்று மட்டும் எழுதினார்.

எருமை சேற்றிலிருந்து எழுந்தது. தலையை ஆட்டியது. உட்காருவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்து, "ஸ்ஸப்பா" என்று ஒரு பெருமூச்சு விட்டு, பாதி உட்கார்ந்து, எதையோ மறந்ததுபோல் எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. இடது காதைத் தோளில் தேய்த்துச் சொறிந்தது. மழை வந்தபோது, பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலக் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது, அசையவில்லை.

என் கணவரின் இடது காது தோளை நோக்கிப் பாதி வழி போய் நின்றது.

"இது..." என்றார்.

ஆபீஸில் எல்லாரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள். அந்த எருமை யாரென்று எல்லாருக்கும் எப்போதோ தெரியும். அவர் கொடுத்த நொடிகளை நான் வேறு யார் மேல் செலவழிப்பேன்?

"வயிறு கொஞ்சம் ஓவரா இருக்கு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்லண்ணே, கரெக்டாத்தான் இருக்கு" என்றார் கட்டைவிரல்.

மறுநாள் விநியோகஸ்தர் வந்தார். அவசரக்காரர். எருமை எழும்போதே பட்டனைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். அது பெருமூச்சு விட்டபோது தட்டினார், சொறிந்தபோது தட்டினார்.

"இன்னும் என்ன லோட் ஆகுது?"

முதலாளி என் கணவரைப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். வானம் என்பார், தண்ணீர் என்பார், வெளிச்சம் என்பார். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார்.

"ஒண்ணும் லோட் ஆகல சார். கேம் எப்பவோ ரெடி" என்றார்.

"அப்புறம் ஏன் நிக்குது?"

"என் பொண்டாட்டி வரைஞ்சது சார். முழுசா பார்த்துட்டுப் போங்க."

எனக்குக் கால் தரையில் இல்லை. விநியோகஸ்தர் ஒருமாதிரி பார்த்துவிட்டு, கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கடைசிவரை பார்த்தார். பிறகு கேமையும் ஆடிப் பார்த்தார். கேம் வேண்டாம், அந்த எருமையை மட்டும் தருவீர்களா, நல்ல விலை தருகிறேன் என்றார். முதலாளி வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"அது எங்க வீட்டு ஆளு சார். அனுப்ப முடியாது."